கெல்ட்ரியா: ராயபுரத்திலிருந்து பழவேற்காடு வரை ஒரு ஒல்லாந்து வழி

நெதர்லாந்து என்றால் நம்மில் பலருக்கு மனதில் வருவது தட்டையான நிலம்தான். அணைக்கட்டு, காற்றாலை, வாய்க்கால், துலிப் தோட்டம். நாட்டின் கால் பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, அங்கே மலைக்கு ஏது இடம் என்று தோன்றும். ஆனால் அங்கேயும் மேடுகள் உண்டு. தென்கோடியில் லிம்பர்க் மாகாணத்தில் 322 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்று இருக்கிறது. கிழக்கே கெல்டர்லாந்து மாகாணத்தில் ஃபேலுவே என்று ஒரு பெரிய மேட்டுக்காடு. அதன் உச்சி சுமார் 110 மீட்டர். நம்ம பரங்கிமலையைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். தட்டை நிலத்து மக்களுக்கு அதுவே பெரிய மலை. நடைபாதை போட்டு, வழிக்குறி நட்டு, பழைய கோட்டை மாளிகைகளையும் காட்டையும் சேர்த்தே நடந்து பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

இதை நான் ஏன் வடசென்னை பற்றிய குறிப்பில் எழுதுகிறேன்? அந்த மாகாணத்தின் பெயர் 1613இல் கடல் கடந்து நம்ம கரைக்கு வந்துவிட்டது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையின் பெயர் கெல்ட்ரியா. அப்போது இந்தக் கரையில் கம்பெனியின் பொறுப்பில் இருந்த வெம்மர் ஃபான் பெர்கெம் தன் சொந்த மாகாணத்தின் பெயரையே கோட்டைக்கு வைத்தார். குன்றுள்ள நாட்டின் பெயர், ஒரு மேடுகூட இல்லாத உப்பங்கழிக் கரையில் வந்து உட்கார்ந்தது.

அதனால் நமக்கும் ஒரு 'ஒல்லாந்து நடைவழி' இருக்கிறது. ராயபுரத்தில் தொடங்கி, திருவொற்றியூர், எண்ணூர் வழியாகப் பழவேற்காட்டில் முடிகிற வழி. இந்த வழியைப் பல தடவை துண்டுதுண்டாகப் போய்ப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ஒல்லாந்தர் விட்டுப்போன கல்லுக்கு வேலி இருக்கிறது. அவர்களை இங்கே வரவழைத்த தண்ணீருக்கும், அவர்களுக்காக உழைத்த மனிதர்களுக்கும் ஒரு பலகைகூட இல்லை. வழியை ஊர் ஊராகச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

ராயபுரம்: மணல் போன கதை

ராயபுரத்தில் எல்லாரும் பார்க்கச் சொல்வது ரயில் நிலையம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதோடு திரும்பிவிடாமல் கடற்கரைப் பக்கம் வந்து, காசிமேடு தாண்டி வடக்கே பாருங்கள். கரை முழுக்கக் கருங்கல் கொட்டியிருக்கும். மணற்கரை என்பதே பல இடங்களில் கிடையாது.

காரணம் எளிமையானது. நம்ம கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். குறுக்கே ஒரு சுவர் வைத்தால் சுவருக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் தெருத்தெருவாகக் கடலிடம் இழந்தன. நாம் மெரினாவில் காற்று வாங்குகிற மணலில் ஒரு பங்கு, வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல்தான்.

இந்த மணலோட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழவேற்காடு வரை நம்முடன் வரப்போவது இதுதான்.

இன்னொரு விஷயமும் இங்கேயே சொல்லிவிடலாம். சென்னை பிறந்ததிலேயே ஒல்லாந்தருக்குப் பங்கு உண்டு. 1611இல் 'குளோப்' என்ற ஆங்கிலேயக் கப்பல் வியாபாரம் கேட்டுப் பழவேற்காட்டுக்குத்தான் முதலில் வந்தது. ஒல்லாந்தர் இடம் கொடுக்கவில்லை. பிறகு இரண்டு கம்பெனிகளும் ஒப்பந்தம் போட்டுச் சில காலம் அங்கே ஒன்றாக இருந்து பார்த்தன, ஒத்துவரவில்லை. ஆங்கிலேயர் வடக்கே ஆர்மகானுக்குப் போனார்கள். அதுவும் சரிப்படாமல் 1639இல் தெற்கே இறங்கி மதராசப்பட்டினத்தில் நிலம் வாங்கினார்கள். துறைமுகம் என்று சொல்ல ஒன்றுமில்லாத அந்தத் திறந்த கரையை அவர்கள் ஏன் பிடித்தார்கள் என்று பலரும் கேட்பார்கள். நல்ல இடம் ஏற்கெனவே அடுத்தவர் கையில் இருந்தது என்பதும் அதற்கு ஒரு பதில்.

திருவொற்றியூர்: நெசவாளர் பேட்டை

திருவொற்றியூருக்குத் தியாகராசர் கோயிலுக்காகவும் வடிவுடையம்மனுக்காகவும் போகிறவர்கள் அதிகம். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த ஊர். கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. கோயில் கல்வெட்டுகளில் சோழரும் இராட்டிரகூடரும் இருக்கிறார்கள். கம்பெனிகள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே பெரிய ஊர் இது.

ஆனால் நம்ம வழிக்கு முக்கியமான இடம் பக்கத்திலுள்ள காலாடிப்பேட்டை. பெயரைக் கேட்டதும் வேறு எதையோ நினைக்கத் தோன்றும். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் பெயரில் அமைந்த 'காலெட் பேட்டை'தான் மக்கள் வாயில் காலாடிப்பேட்டை ஆனது. நெசவாளரையும் துணிக்குச் சாயம் எழுதுகிறவர்களையும் குடியேற்றுவதற்காகப் போட்ட பேட்டை அது.

ஏன் ஒரு கவர்னர் நெசவாளரைத் தேடிக் குடியேற்ற வேண்டும்? இங்கேதான் அந்தக் காலத்து வியாபாரம் எப்படி நடந்தது என்பது புரிய வேண்டும். ஒல்லாந்தருக்கு வேண்டியது இந்தோனேசியத் தீவுகளின் ஜாதிக்காயும் கிராம்பும் மிளகும். அந்தத் தீவுக்காரர்களோ ஐரோப்பியச் சரக்கைக் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் கேட்டது சோழமண்டலக் கரைத் துணி. கட்டம் போட்டது, வரி போட்டது, சாயம் தீட்டியது. துணி இருந்தால்தான் வாசனைச் சரக்கு. 1612இல் ஹென்ட்ரிக் பிரவுவர் என்ற ஒல்லாந்து அதிகாரி, சோழமண்டலக் கரை மொலுக்கத் தீவுகளுக்கு இடது கை மாதிரி, அதன் துணி இல்லாவிட்டால் அங்கே வியாபாரமே செத்துவிடும் என்ற பொருளில் மேலிடத்துக்கு எழுதினார். தறி எங்கேயோ கம்பெனி அங்கே. ஒரு நூற்றாண்டு கழித்து ஆங்கிலேயர் காலாடிப்பேட்டை போட்டதும் இதே கணக்கில்தான்.

பழவேற்காட்டுத் துணியின் பெயர் இன்றும் உயிரோடு இருக்கிறது, நம்ம ஊரில் அல்ல. மலேசியாவில் ஆண்கள் உடுத்துகிற கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது பழவேற்காடுதான். கோலாலம்பூரில் அதை உடுத்துகிறவருக்கும் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பொன்னேரியில் பஸ் ஏறுகிற நமக்கும் தெரியாது.

எண்ணூர்: கழிமுகம்

திருவொற்றியூரைத் தாண்டினால் எண்ணூர் நெடுஞ்சாலை. கன்டெய்னர் லாரி வரிசை. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற இடம்தான் எண்ணூர்க் கழிமுகம். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் என்று பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். தாழை, காடு, முகத்துவாரம் என்று நிலமே பெயராக இருக்கிறது. ஊர்ப்பெயரைவிடப் பழைய வரைபடம் கிடையாது.

அந்தக் காலத்தில் இந்த நீர்வழி தனித்தனித் துண்டு அல்ல. எண்ணூர்க் கழிமுகம், அதற்கு வடக்கே உள்ள உப்பங்கழி, பழவேற்காடு ஏரி எல்லாம் கரைக்கு உள்ளே ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. வெள்ளைக்காரர் அதைத்தான் கால்வாயாக நீட்டினார்கள். 1806இல் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் பிறகு பழவேற்காடு ஏரி வரை போனது. 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக மேலும் வெட்டப்பட்டு, அப்போதைய கவர்னர் பெயரில் பக்கிங்காம் கால்வாய் ஆனது. சென்னையின் அடுப்புக்கு விறகும், உப்பளங்களின் உப்பும் இதன் வழியாகப் படகில் வந்தன. அதே 1806இல்தான் ஆங்கிலேயர் கெல்ட்ரியா கோட்டையை இடித்தார்கள். ஒரே ஆண்டில் அங்கே கோட்டை போனது, இங்கே கால்வாய் வந்தது. வடக்கே ஒரு துறைமுகப் பட்டினமாக இருந்த ஊர் அதற்குப் பிறகு சென்னைக்கு விறகும் மீனும் அனுப்புகிற ஊராக மாறிப்போனது.

இன்றைக்குக் கழிமுகத்தைச் சுற்றி அனல்மின் நிலையங்கள், 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம், எண்ணெய்க் கிடங்குகள். இந்தத் தட்டை நிலத்தில் மேடு என்று சொன்னால் முன்பு மணல் மேடு. இப்போது சாம்பல் மேடு. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய் உடைந்து கழியில் கலந்து, இறால் கிடைத்த இடத்தில் சேறு இறுகிப்போனது என்பது இந்தக் குப்பங்களின் பல வருஷ முறையீடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. வலையும் படகும் கறுத்தன, கூழைக்கடாக்கள் எண்ணெயில் நனைந்து நின்றன.

வரலாற்றுக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். பழவேற்காட்டு வரலாற்றைக் கோட்டையில் தொடங்கிக் கல்லறையில் முடித்தால் இது தேவையில்லைதான். ஆனால் ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்து இங்கே வரவில்லை, கழியைப் பார்த்து வந்தார்கள். பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரம் போடும். சின்னப் படகுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து சரக்கு ஏற்றும், இறக்கும். புயலுக்கு ஒதுங்க இடம், உள்நாட்டுத் தறிக்குப் போக நீர்வழி, சாப்பிட மீன். கோட்டை அதற்குக் காவல், அவ்வளவே.

பழவேற்காடு: கோட்டையும் கல்லறையும்

பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் போனால் பழவேற்காடு. முதலில் பெயரைப் பார்ப்போம். மாங்குரோவ் வேர்கள் நிறைந்த காடு என்று 'வேர்'இல் இருந்து விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் வேர் + காடு என்றால் வேர்க்காடு என்று வர வேண்டும். வேல் + காடு என்றால்தான் வேற்காடு. திருவேற்காட்டின் தலமரம் வெள்வேலம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எழுத்து வேல மரத்தின் பக்கம்தான் சாய்கிறது. வேடிக்கை என்னவென்றால், கெல்ட்ரியா கோட்டை நின்ற இடத்தை இன்று மூடியிருப்பதும் ஒரு வேலம்தான். ஆனால் சீமைக் கருவேலம்.

போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே இங்கே இருந்தார்கள். மகிமை மாதா கோயிலின் தொடக்கத்தை 1515 என்று சொல்வார்கள். ஒல்லாந்தருக்கு 1610இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் அனுமதி கிடைத்தது. 1612இல் மயிலாப்பூர் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர் அவர்களின் பண்டகசாலையை அழித்தார்கள். அதற்குப் பதிலாகத்தான் 1613இல் கோட்டை. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் ஒல்லாந்தரின் தலைநகரம் பழவேற்காடு. நாணயச்சாலை இருந்தது. வெடிமருந்து ஆலை இருந்தது, இங்கே செய்த மருந்து படேவியா வரை போனது. படேவியா என்றால் இன்றைய ஜகார்த்தா.

கோட்டைக்குள்ளே வேறு மாதிரியான ஒரு வேலையும் நடந்தது. 1632 முதல் 1642 வரை இங்கே பாதிரியாராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்த ஊர் மக்களின் வழிபாட்டையும் வழக்கத்தையும் எழுதிவைத்தார். 1651இல் லைடன் நகரில் அது நூலாக வந்தது. அதில் பர்த்ருஹரியின் பாடல்கள் டச்சில் இருந்தன. ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சான முதல் சமஸ்கிருத இலக்கிய மொழிபெயர்ப்பு என்று அதைச் சொல்வார்கள். அதற்கான பேச்சு நடந்தது பழவேற்காட்டு மண்ணில்.

ஆங்கிலேயர் 1781இல் ஒரு தடவையும் 1795இல் இன்னொரு தடவையும் ஊரைப் பிடித்தார்கள். 1806இல் கோட்டை இடிந்தது. 1818இல் ஊர் திரும்ப ஒல்லாந்தர் கைக்குப் போனது. கடைசியில் 1824 ஒப்பந்தப்படி 1825இல் முழுவதுமாக ஆங்கிலேயருடையது. இன்று கோட்டை என்று காட்டுகிற இடத்தில் முள்ளும், மண் மூடிய செங்கல்லும், பழைய அகழியின் தடமும்தான்.

நன்றாக இருப்பது கல்லறைத் தோட்டம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு உருவங்கள். ஒன்றின் தலையில் மணற்கடிகாரம், இன்னொன்றின் கையில் மண்டையோடு. உள்ளே 76 கல்லறைகள் என்று கணக்கு. குடும்பச் சின்னம், கப்பல், டச்சு எழுத்து எல்லாம் கல்லில் துல்லியமாகச் செதுக்கியிருக்கிறார்கள். கையால் தடவிப் பார்த்தால் இன்றும் எழுத்து விரலில் தட்டும்.

ஆனால் யாருடைய பெயர்கள் அவை? கம்பெனி அதிகாரிகள், வியாபாரிகள், அவர்கள் மனைவி மக்கள். துணி நெய்தவர் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. அதைவிடக் கனமான ஒரு இடைவெளி இருக்கிறது. இதே கரையிலிருந்துதான் கம்பெனி 17ஆம் நூற்றாண்டில் அடிமைகளையும் கப்பலேற்றியது. மழை பொய்த்து, போரும் சேர்ந்துகொண்ட வருஷங்களில் பசியில் பிள்ளைகளை விற்றவர்களும், தங்களையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கானோர் படேவியாவுக்கும் இலங்கைக்கும் போனார்கள். போனவர்களுக்கு இங்கே கல்லறை இருக்க முடியாது, அது சரி. போனார்கள் என்பதைச் சொல்லவாவது ஊரில் ஒரு பலகை இருக்கலாமே? மணற்கடிகாரத்தைத் தலையில் சுமக்கிற எலும்புக்கூட்டைப் படம் எடுக்க வருகிற நமக்கு, அந்த மணற்கடிகாரத்துக்கு உள்ளே ஓடிய காலம் யாருடையது என்று தெரிய வேண்டாமா?

ஏரி: எழுதாத சட்டம்

கல்லறையைப் பார்த்துவிட்டு உடனே பஸ் ஏறிவிடாதீர்கள். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில். தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயம் ஆனது. பனிக்காலத்தில் பூநாரைகள் வரும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்ட மணல் தீவு, அதன் வட பகுதிதான் ராக்கெட் ஏவுகிற ஸ்ரீஹரிகோட்டா.

இங்கே என்னை அதிகம் யோசிக்க வைத்தது 'பாடு' முறை. ஏரியில் இறால் நிறைய கிடைக்கிற இடங்களில் சுத்து வலை போடும் உரிமை கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர் மீனவர்களுக்கு முறை வைத்துப் போகிறது. எந்த இடம் யாருக்கு, எந்த நாள் யாருக்கு என்று ஊர் கூடிப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. முறையில் சேராத மற்ற ஊர்க்காரர்களின் குறையும் இதில் உண்டு, சண்டையும் நடந்திருக்கிறது. இருந்தாலும் தண்ணீரை யாரும் சொந்தமாக்கிக்கொள்ளாமல் பங்கு போடுகிற ஒரு சட்டம், கல்லில் எழுதாமலேயே நடந்து வருகிறது. கோட்டைக்குப்பம் என்ற பெயரில் மட்டும் கெல்ட்ரியாவின் ஞாபகம் ஒட்டியிருக்கிறது.

இந்தச் சட்டத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை, முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். மணல் வந்து மூடினால் மீனவர்கள் "வாய் அடைச்சிடுச்சு" என்பார்கள். வாய் அடைத்தால் கடல்நீர் உள்ளே வராது, இறால் குஞ்சு வராது, படகு வெளியே போகாது. ராயபுரத்தில் பார்த்தோமே மணலோட்டம், அதன் கணக்குதான் இங்கேயும். கரையில் எங்கே ஒரு சுவர் எழுந்தாலும் அடுத்தடுத்த ஊரின் வாய்க்கும் கரைக்கும் அது சேதி. அதனால்தான் தெற்கே ஒரு துறைமுகம் பெரிதாகப்போகிறது என்றால் பழவேற்காட்டுக்காரர்கள் திரண்டு வருகிறார்கள்.

கெல்டர்லாந்து மேடுகளும் ஒன்றும் கன்னி நிலம் அல்ல. ஆடு மேய்த்து, புல்லை வெட்டி, ஃபேலுவேயின் பல இடங்கள் வெறும் பறக்கும் மணலாகப் போயிருந்தன. பிறகு மரம் நட்டார்கள். 1930இல் அதன் ஓரத்தில் நாட்டின் முதல் தேசியப் பூங்காவை அமைத்தார்கள். கெட்ட நிலத்தைத்தான் அவர்கள் காப்பாற்றி நடைவழி ஆக்கியிருக்கிறார்கள். ஏற்கெனவே கெட்டுப்போச்சே, இனி என்ன காப்பாற்றுவது என்று எண்ணூரைப் பற்றிச் சொல்கிறவர்களுக்கு அந்த மேடுதான் என் பதில்.

போகிறவர்களுக்கு

ஒரே நாளில் முழு வழியும் முடியாது. ராயபுரம், காலாடிப்பேட்டை, எண்ணூர் ஒரு நாள். பழவேற்காடு தனியாக ஒரு நாள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. கல்லறையோடு சேர்த்து, செம்புறைக்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலையும், நிழற்கடிகாரம் உள்ள சின்னப் பள்ளிவாசலையும் பாருங்கள். பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்த்து, கேட்டுவிட்டு உள்ளே போங்கள். 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அனுமதி இல்லாத படகுச் சவாரிக்கு யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

காலாடிப்பேட்டையில் தறி ஓட்டிய குடும்பங்களின் ஞாபகமோ, பழைய பத்திரமோ, பக்கிங்காம் கால்வாயில் விறகுப் படகு தள்ளிய தாத்தாவின் கதையோ உங்கள் வீட்டில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். ஒல்லாந்தர் தங்கள் கணக்கைக் கப்பல் வாரியாக எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். நம்ம பக்கத்துக் கணக்கு வீடுகளில்தான் இருக்கிறது. அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது.